நகரத்து வளவில் கோழி வளர்க்கச் சபையிடம் விதி கேட்பது எப்படி: வன்னிக்கான முழுமையான வழிகாட்டி

வவுனியா, கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு நகரப் பகுதிகளில் வீட்டு வளவில் நாலைந்து பெட்டைக்கோழி வைத்திருப்பவர்களுக்கும், வைத்திருக்க விரும்புபவர்களுக்கும் இது. பெரும்பாலானோர் முறைப்பாடு வந்த பிறகுதான் சபைப் படியேறுகிறார்கள். அதுவும் நேரே தவிசாளரிடமோ முதல்வரிடமோ போய் "எங்களுக்குக் கோழி வளர்க்க அனுமதி தாங்கோ" என்று கேட்கிறார்கள். அவர் "பார்ப்பம்" என்பார். அங்கேயே கதை முடிந்துவிடும்.

சரியான ஒழுங்கு இதுதான்: முதலில் சட்டத்தின் நிலை, பிறகு உங்கள் கூடு, பிறகு பக்கத்து வீடு, பிறகு சுகாதாரப் பக்கம், கடைசியில்தான் சபை. கேட்க வேண்டியதும் வெறும் அனுமதி அல்ல, எழுத்தில் ஒரு விதி. வாயால் கிடைத்த அனுமதி அடுத்த முறைப்பாட்டோடு போய்விடும். விதி இருந்தால் உங்களுக்கும் பாதுகாப்பு, பக்கத்து வீட்டாருக்கும் பாதுகாப்பு.

1. எந்தச் சபைக்குள் இருக்கிறீர்கள் என்று உறுதிப்படுத்துங்கள்

ஆதனவரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். வவுனியா நகரின் நடுப்பகுதி மாநகர சபைக்குள் வரும். நகரை ஒட்டிய பல குடியிருப்புகள் வவுனியா தெற்கு தமிழ்ப் பிரதேச சபைக்கு உரியவை. கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள்ளும், முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள்ளும் இருக்கின்றன. மன்னாருக்கு நகர சபை.

இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? மூன்று வகைச் சபைக்கும் மூன்று தனிச் சட்டம். மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், நகர சபைகள் கட்டளைச் சட்டம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். மூன்றிலும் உபவிதி, அதாவது சபை தன் எல்லைக்கென்று போடும் விதி, ஆக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் கடிதம் யார் பெயருக்குப் போக வேண்டும் என்பது மாறும். மாநகர சபை என்றால் முதல்வரும் ஆணையாளரும், மற்றவை என்றால் தவிசாளரும் செயலாளரும். தவறான சபைக்குப் போன கடிதத்தை யாரும் சரியான சபைக்கு அனுப்பி வைக்கப் போவதில்லை.

2. தடை எழுத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடியுங்கள்

"ரவுணுக்குள்ள கோழி வளர்க்க ஏலாது" என்று சொல்பவரிடம் எந்த விதி, எந்த வர்த்தமானி என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆகவே நீங்களே தேட வேண்டும். மூன்று நிலைமைகளில் ஒன்றுதான் இருக்கும்.

முதலாவது, சபையே பிராணிகள் வளர்ப்புப் பற்றி ஓர் உபவிதி ஆக்கி வர்த்தமானியில் வெளியிட்டிருக்கலாம். இரண்டாவது, உள்ளூர் அதிகார சபைகளுக்கான 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நியம உபவிதிகள் சட்டத்தின் கீழ் வந்த பொது உபவிதிகளைச் சபை தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டிருக்கலாம். மூன்றாவது, கோழி பற்றி எந்த விதியும் இல்லாமல், பொதுத்தொல்லை என்ற கணக்கில் மட்டும் நடவடிக்கை வரலாம். தொல்லைகள் கட்டளைச் சட்டம் 1862 முதல் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் தொல்லையை அகற்றும்படி நீதவானும் கட்டளையிடலாம்.

இந்த மூன்றாவது நிலைமையை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். அங்கே கோழி குற்றம் அல்ல. மணமும் இரைச்சலும் இலையானும்தான் குற்றம். அப்படியான இடத்தில் "தடையை நீக்குங்கள்" என்று மனுக் கொடுத்தால், இல்லாத தடை ஒன்றை நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். அங்கே கேட்க வேண்டியது, எப்படி வளர்த்தால் தொல்லை ஆகாது என்பதற்கான அளவுகோலைத்தான்.

தேடும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். சபையில் இதற்கென்று ஒரு தகவல் அலுவலர் இருப்பார். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு ஆணைக்குழு இருக்கிறது.

கேள்வியை இப்படி எழுதுங்கள்:

"இச்சபையின் எல்லைக்குள் வீட்டு வளவுகளில் கோழி அல்லது வேறு பிராணிகள் வளர்ப்பது தொடர்பாக நடைமுறையிலுள்ள உபவிதிகளின் பிரதியும், அவை வெளியான வர்த்தமானியின் இலக்கமும் திகதியும். கடந்த மூன்று ஆண்டுகளில் வீட்டுக் கோழி தொடர்பாகக் கிடைத்த முறைப்பாடுகளின் எண்ணிக்கையும், ஒவ்வொன்றின் தன்மையும், எடுத்த நடவடிக்கையும்."

புதியவர்கள் இங்கே "கோழி வளர்க்கலாமா?" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அது அபிப்பிராயம் கேட்பது. இந்தச் சட்டத்தின் கீழ் கிடைப்பது அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கும் ஆவணம் மட்டும். கேள்வியின் இரண்டாம் பகுதியை விட்டுவிட வேண்டாம். முறைப்பாடுகளில் எத்தனை சேவல் கூவியதற்காக, எத்தனை மணத்துக்காக, எத்தனை வேலி தாண்டிப் போனதற்காக என்று தெரிந்தால், உங்கள் விதி எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கொடுக்கும் எந்தக் கடிதத்துக்கும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத்தபாலில் போடுங்கள்.

3. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கூட்டைத் திருத்துங்கள்

நீங்கள் மனுக் கொடுத்தால் உங்கள் வளவுக்குத்தான் முதலில் ஆள் வரும். அந்த நாளில் கோழி குசினி வாசலில் எச்சம் போட்டுக்கொண்டு நின்றால் மனுவில் எழுதிய எதுவும் நிற்காது.

சேவலை அனுப்பிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டை இடும், அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டுமென்றால் ஊரிலிருக்கும் சொந்தக்காரரிடம் கருக்கட்டிய முட்டை வாங்கி அடைக்கோழிக்கு வைக்கலாம். 21ஆம் நாளில் பொரிக்கும். குஞ்சுகளில் சேவல் தெரிய வந்ததும் அவை ஊருக்குத் திரும்பிப் போகட்டும். பெட்டைக்கோழி முட்டை இட்டுவிட்டுச் சில நிமிடம் கொக்கரிக்கும், அதுவும் பகலில். விடியற்காலை மூன்று மணிக் கூவலோடு அதை யாரும் ஒப்பிடப் போவதில்லை. சேவலையும் சேர்த்துக் கேட்ட குழுக்கள் சேவலோடு பெட்டையையும் இழப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மணம். மணத்துக்குக் காரணம் கோழி அல்ல, ஈரம். காய்ந்த எச்சம் அவ்வளவாக மணக்காது. ஈரமானால் அமோனியா கிளம்பும். வன்னியில் நெல் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஒரு மூடை உமி வாங்கி, கூட்டின் தரையில் நாலு விரல் உயரத்துக்கு மேல் பரப்புங்கள். வாரத்துக்கு ஒரு தடவை கிளறிவிடுங்கள், கட்டிபட்ட இடத்தை அள்ளி எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். உமி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, புது உமி போட வேண்டும். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றியுள்ள உமிதான் முதலில் கெடும். சட்டியை இரண்டு செங்கல் மேல் உயர்த்தி வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

கூடு எந்த மூலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று விடாமல் அடிக்கும். உங்கள் கூடு பக்கத்து வீட்டுக்குத் தென்மேற்கில் இருந்தால், அந்த நாலைந்து மாதமும் மணம் நேரே அவர்களின் சன்னலுக்குப் போகும். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், சாரலும் அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும். ஆகவே கூட்டின் வடகிழக்குப் பக்கத்தைத் தகரத்தாலோ கிடுகாலோ அடைத்து, மற்றப் பக்கங்களைக் கம்பி வலையாக விடுங்கள். வெக்கைக்கு மேலே கிடுகு போட்டால் தகரக் கூரையை விடக் கோழி சுகமாக இருக்கும்.

இடம்: ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் நாலு சதுர அடியும், அடைத்த வெளியில் பத்துச் சதுர அடியும் கொடுங்கள். ஆறு கோழிக்கு நாலுக்கு ஆறு அடிக் கூடும், ஆறுக்குப் பத்து அடி அடைப்பும் போதும். அடைப்பு கட்டாயம் வேண்டும். நகர முறைப்பாடுகளில் கணிசமானவை பக்கத்து வீட்டுப் பூமரத்தைக் கோழி கிண்டியதால் வருபவை. வலையின் அடியை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதையுங்கள். கீரியும் நாயும் தோண்டும், மரநாய் மேலால் வரும், ஆகவே மேலேயும் வலை.

தீன் இறுக்கமான மூடியுள்ள வாளியில் இருக்க வேண்டும். ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். அதை அளந்து வையுங்கள், பொழுதுபட மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இரவில் கிடக்கும் குறுணலுக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போனதை வடக்கில் எந்தச் சுகாதார அதிகாரியும் மறக்கவில்லை. உங்கள் கூட்டடியில் ஒரு எலி வளையைக் கண்டால் அவர் வேறெதையும் பார்க்க மாட்டார்.

4. வேலிக்கு அந்தப் பக்கம் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். சபைக்குப் போகும் எதிர்ப்பு எப்போதும் ஒரு பக்கத்து வீட்டிலிருந்துதான் கிளம்பும். அந்த வீட்டுக்காரர் உங்கள் மனுவைப் பற்றி முதன்முதலாகச் சபை உறுப்பினரின் வாயால் கேள்விப்பட்டால், அவர் கோழிக்கு எதிரி ஆகாவிட்டாலும் உங்களுக்கு எதிரி ஆகிவிடுவார்.

கையெழுத்துத் தாளைக் கொண்டு போகாதீர்கள். முதல் தடவை கேட்பதற்கு மட்டும் போங்கள். "அக்கா, எங்கட கோழியால உங்களுக்கு ஏதும் கரைச்சல் இருக்கோ? இருந்தாச் சொல்லுங்கோ, திருத்திப்போட்டு வாறன்." இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு குறிப்பான விசயம்தான் வரும். "மணம் பறவாயில்லைப் பிள்ளை, உமியைக் கிளறேக்க தூசி எங்கட கொடியில காயிற உடுப்பில படியுது." இதற்கு மருந்து மிகச் சுலபம், உடுப்புக் காயாத நேரத்தில் கிளறுவது. ஆனால் கேட்டிருக்காவிட்டால் அது சபையில் "சுகாதாரக் கேடு" என்ற பெரிய சொல்லோடு வந்திருக்கும்.

திருத்திய பிறகு இரண்டாம் தடவை போங்கள். அவர்களையே கூட்டடிக்குக் கூட்டி வந்து காட்டுங்கள். அதற்குப் பிறகுதான் தாள்.

மரக்கறிச் சாப்பாட்டு வீடுகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களின் மனத்தாங்கல் பெரும்பாலும் கோழி இருப்பதில் அல்ல, வேலிக்குப் பக்கத்தில் கோழி உரிப்பதில். "வளவுக்குள்ள வெட்ட மாட்டம்" என்று சொல்லுங்கள், அதை விதியிலும் எழுதுங்கள், அதன்படி நில்லுங்கள். கோயில் வீதியை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்கள் நிர்வாக சபையிடமும் ஒரு தடவை பேசிவிடுவது மரியாதை. வீதிக்குள் கோழி வராது என்ற உறுதிதான் அவர்கள் கேட்பது.

முட்டை கொடுத்து ஆளைப் பிடிக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அயலுக்கு முட்டை கொடுப்பது நல்ல பழக்கம், எப்போதும் கொடுங்கள். ஆனால் தாளும் முட்டையும் ஒரே நாளில் போகக் கூடாது.

5. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் (பி.எச்.ஐ) மிருக வைத்தியரையும் சபைக்கு முன்பே சந்தியுங்கள்

சபையில் ஓர் உறுப்பினர் "இதைப் பற்றிச் சுகாதாரப் பக்கம் என்ன சொல்லுது?" என்று கேட்பார். அது எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி. அந்த நேரத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் யோசனையை முதன்முதலாகக் கேட்டால், அவரிடமிருந்து வரக்கூடிய பாதுகாப்பான பதில் "வேண்டாம்" என்பதுதான். முன்பே பார்த்திருந்தால் "இன்ன நிபந்தனையோடு என்றால் சரி" என்று சொல்ல அவருக்கு இடம் இருக்கும்.

சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போய், "சேர், ஆறு பெட்டைக்கோழிக்கு ஒரு விதி எழுதப் போறம், என்ன நிபந்தனை இருந்தா நீங்கள் ஓம் எண்டு சொல்லுவியள்?" என்று கேளுங்கள். அனுமதி கேட்காதீர்கள், நிபந்தனை கேளுங்கள். அவர் மூன்று விசயம் பார்ப்பார்: கிணறு, எலி, நுளம்பு. வன்னியில் குடிதண்ணீர் இன்னும் பல வீடுகளில் கிணற்றிலிருந்துதான். ஆகவே கூட்டுக்கும் கிணற்றுக்கும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும், எத்தனை அடி வேண்டும் என்று அவர் வாயாலேயே ஓர் எண்ணைப் பெறுங்கள். நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கோழிக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியும் அதற்குள் அகப்படும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றினால் குடம்பி வளர நாள் கிடைக்காது.

பிறகு அரச கால்நடை வைத்திய அலுவலகம். இராணிக்கெட் நோய்க்கும் அம்மைக்கும் எப்போது தடுப்பூசி போட வேண்டும் என்று கேட்டு, போட்ட திகதிகளைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி சபையில் உங்கள் பேச்சை விடக் கூடுதலாக வேலை செய்யும். கோழி கூட்டமாகச் செத்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், விதியில் அது ஒரு வரியாக வரும்.

6. சின்னக் குழு

ஒரு வட்டாரத்தில் ஐந்தாறு வீடு போதும். எல்லா வீட்டிலும் கூடு ஒழுங்காக இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த வீட்டுக்கு ஆள் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ சனசமூக நிலையமோ இருந்தால் அதன் பெயரில் கடிதம் போவது நல்லது. தனி ஆளின் கடிதத்தை விடப் பதிவுள்ள சங்கத்தின் கடிதத்துக்குப் பதில் எழுத அலுவலகம் கடமைப்பட்டதாக உணரும்.

பண்ணைக்காரரைக் குழுவில் சேர்க்காதீர்கள். நூறு கோழி வைத்து விற்பவரின் தேவை வேறு, அவருக்குரிய அனுமதிகளும் வேறு. அவர் கூட இருந்தால் சபை உங்களையும் பண்ணை என்றே பார்க்கும்.

7. விதியின் வரைவை நீங்களே எழுதுங்கள்

"ஒரு விதி கொண்டுவாருங்கள்" என்று கேட்டால் அதை எழுத அலுவலகத்தில் ஆள் இருக்காது. எழுதிக் கொண்டுபோனால் திருத்துவதற்கு ஆள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மாதிரிக்கு:

"குடியிருப்பு வளவொன்றில் ஆறுக்கு மேற்படாத பெட்டைக்கோழிகளை வளர்க்கலாம். சேவல் வளர்த்தலாகாது.

கோழிகள் எந்நேரமும் கூட்டிலோ வலையடைப்பிலோ இருத்தல் வேண்டும்.

கூடு அயல் வீட்டின் வசிக்கும் பகுதியிலிருந்து இருபது அடிக்குக் குறையாத தூரத்தில் அமைதல் வேண்டும். கிணறுகளிலிருந்தான தூரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குறிப்பிடும் அளவினதாகும்.

தீன் மூடிய கொள்கலனில் வைக்கப்படல் வேண்டும். கழிவு மூடிய குழியில் இடப்படல் வேண்டும்.

வளவினுள் இறைச்சிக்காகக் கோழி கொல்லலாகாது.

முறைப்பாடு கிடைத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்வையிட்டு, குறையைத் திருத்தப் பதினான்கு நாள் அவகாசம் வழங்குவார். திருத்தத் தவறின் கோழிகள் அகற்றப்படல் வேண்டும்."

சில எண்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஆறு கோழி என்பது ஏன்? நன்றாக இடும் லேயர் கோழி வாரத்துக்கு ஐந்தாறு முட்டை தரும், ஊர்க்கோழி அதிலும் மிகக் குறைவு. ஊர்க்கோழியும் லேயரும் கலந்து ஆறு வைத்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும், விற்பனைக்குப் போதாது. அந்த அளவுதான் சபைக்கு நிம்மதி.

தூரத்தை எல்லை வேலியிலிருந்து அளக்க வேண்டாம், அயல் வீட்டின் சுவரிலிருந்து அளவுங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "எல்லையிலிருந்து இருபது அடி" என்று எழுதினால் இரண்டு பரப்புக் காணிக்காரர் கூடு வைக்க வளவின் நடுவைத் தவிர வேறு இடம் இராது, அங்கே வீடு நிற்கும். விதி நிறைவேறிய பிறகு தங்கள் சொந்த வளவே விதிக்குள் அடங்கவில்லை என்று கண்டால் திருத்துவதற்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே வரைவு எழுதும் அன்று அளவுநாடாவோடு குழுவில் உள்ள எல்லா வளவையும் அளந்து பாருங்கள்.

முறைப்பாட்டுப் பந்தியை யாரும் வெட்ட விடாதீர்கள். சபையின் உண்மையான பயம் "இதை யார் பார்த்துத் திரிவது" என்பதுதான். ஆள் பற்றாக்குறை எல்லாச் சபையிலும் உண்டு. ஒவ்வொரு கூட்டையும் வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்க வேண்டும் என்று எழுதினால் அந்த ஒரு வரிக்காகவே வரைவு கிடப்பில் போகும். முறைப்பாடு வந்தால் மட்டும் பார்த்தால் போதும் என்று இருந்தால் அவர்களுக்குப் புதிய வேலை இல்லை.

"வெளிநாட்டு நகரங்களில இதெல்லாம் விடுவாங்களா?" என்ற கேள்வி நிச்சயம் வரும், வீட்டுக்கு ஒருவர் வெளியில் இருக்கும் ஊர் இது. பதிலைச் சுருக்கமாக வைத்திருங்கள். கனடாவின் வான்கூவர் நகரம் 2010இல் வீட்டுக்கு நாலு பெட்டைக்கோழி வரை அனுமதித்தது. சேவல் கூடாது, வளவில் வெட்டக் கூடாது. நியூயோர்க்கிலும் பெட்டைக்கோழிக்குத் தடையில்லை, சேவலுக்குத் தடை. ரொறன்ரோ 2018இல் சில வட்டாரங்களில் மட்டும் பரீட்சார்த்தமாக நாலு கோழிக்கு இடம் கொடுத்தது. இதற்கு மேல் வெளிநாட்டுக் கதை வேண்டாம். எங்கள் மண்ணிலேயே வலுவான நியாயம் இருக்கிறது: 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்று கோழியையும் கூட்டையும் கொடுத்தார்கள். பெண்கள் தனியே தலைமை தாங்கும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டு முட்டை அந்தக் கூட்டிலிருந்துதான் வருகிறது. ஊர் நகரமாக மாறியதற்காக அந்த முட்டையைப் பறிக்கக் கூடாது. இதை அழுத்தமாகச் சொல்லுங்கள், சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

8. கையெழுத்து

பெயர், வீட்டு முகவரி, கிராம அலுவலர் பிரிவு, கையொப்பம். அந்த வட்டாரத்து வாக்காளர் இடாப்பில் இருப்பவர்கள் மட்டும். முகநூலில் ஆதரவு தெரிவித்த நூறு பேரை விடக் கூட்டைச் சுற்றியுள்ள பத்து வீட்டின் கையொப்பம் பெறுமதியானது. கோழி வளர்க்காதவர்களின் கையொப்பங்களைத் தனித் தாளில் எடுத்து மேலே வையுங்கள். சிங்கள அயலவர்கள் இருக்கும் பகுதிகளில் மனுவை இரண்டு மொழியிலும் கொண்டுபோங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வாங்குவது சரியல்ல, பிறகு "எனக்குத் தெரியாது" என்ற பேச்சும் வரும்.

9. வட்டார உறுப்பினர்

இப்போதைய முறையில் வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினரும், விகிதாசாரப் பட்டியலில் வந்த உறுப்பினர்களும் சபையில் இருக்கிறார்கள். முதலில் உங்கள் வட்டார உறுப்பினரிடம் போங்கள். அவரைத் தாண்டி வேறொருவர் பிரேரணை கொண்டுவந்தால் அவர் எதிர்ப்பார், அது இயல்பு. பிறகு இன்னொரு கட்சியிலிருந்து ஒருவரையாவது வழிமொழியக் கேளுங்கள். பிரேரணை ஒரு கட்சியின் சொத்தாகிவிட்டால் மற்றக் கட்சிகள் கோழியைப் பார்க்காமல் கட்சியைப் பார்த்து வாக்களிக்கும். இதனால்தான் குழுவின் சார்பில் பேசுபவர் எந்தக் கட்சி மேடையிலும் ஏறாதவராக இருக்க வேண்டும்.

அவரைக் கூட்டடிக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மழை பெய்த மறுநாள் கூப்பிடுங்கள். ஈரமான நாளில் மணக்காத கூட்டைக் கண்டவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காலமும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் பாதீட்டு விவாதம் நடக்கும், வெள்ளமும் வரும், டெங்குக் காய்ச்சலும் கூடும். அந்த நேரத்தில் கோழியைக் கொண்டுபோகாதீர்கள். தை பிறந்து, மாசி முதல் ஆனி வரைக்குள் பிரேரணை வந்துவிட வேண்டும்.

10. சபை அமர்வும் அதற்குப் பிறகும்

பார்வையாளராக இருந்து கேட்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நாலைந்து பேர் போதும், கூட்டமாகப் போனால் அழுத்தம் கொடுப்பதாகப் படும். உறுப்பினர்களுக்கு முதல் நாளே ஒரு பக்க வரைவும், பி.எச்.ஐ சொன்ன நிபந்தனைகளும் கையில் இருக்கட்டும். எல்லாத் தாளையும் ஒரேயடியாகக் கொடுத்தால் ஒன்றையும் வாசிக்க மாட்டார்கள்.

முழு விதியும் நிறைவேறாது போலத் தெரிந்தால், ஒரே வட்டாரத்தில் ஒரு வருடப் பரீட்சார்த்தம் என்று உறுப்பினரைக் கொண்டு திருத்தம் முன்வைக்கச் செய்யுங்கள். அல்லது ஒரு குழுவுக்குப் பாரப்படுத்தக் கேளுங்கள். பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அமைக்கப்படும் குழுக்களில் உறுப்பினரல்லாத குடியிருப்பாளர்களையும் சேர்க்க இடமுண்டு. உங்களில் ஒருவரின் பெயரை அங்கே சேர்க்கச் சொல்லுங்கள். "பிறகு பார்ப்பம்" என்ற முடிவை மட்டும் ஏற்காதீர்கள், எந்த அமர்வில் என்று மாதத்தைக் கேளுங்கள்.

தீர்மானம் நிறைவேறியதும் பலர் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சபைத் தீர்மானம் மட்டும் உபவிதி ஆகாது. அது அங்கீகாரத்துக்காக மேலே போய், வர்த்தமானியில் வெளிவந்த பிறகே செல்லுபடியாகும். இடையில் உள்ளூராட்சித் திணைக்களம் இருக்கிறது, மாவட்டத்தில் உதவி உள்ளூராட்சி ஆணையாளர் இருக்கிறார். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு தெரிவான மாகாண அமைச்சர்கள் இல்லை, ஆகவே கோப்பு ஆளுநர் பக்கம் போகும். தீர்மானத்தின் இலக்கத்தையும் திகதியையும் கூட்டக் குறிப்பிலிருந்து எழுதி எடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை கோப்பு எந்த மேசையில் என்று செயலாளரிடம் கேளுங்கள், பதிலைத் திகதியோடு குறித்து வையுங்கள். கேட்க ஆளில்லாத கோப்பு நகராது.

வர்த்தமானி வரும் வரை முறைப்பாடு ஒன்று வந்தால் பதற வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். வந்த அதிகாரிக்குக் கூட்டைக் காட்டுங்கள், தடுப்பூசிக் கொப்பியைக் காட்டுங்கள், சபைத் தீர்மானத்தின் பிரதியைக் கொடுங்கள். என்ன குறை என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள், அதைத் திருத்திப் படம் எடுத்துக் கடிதத்தோடு கொடுங்கள். நீதிமன்ற அழைப்பு வந்தால் மட்டும் தாமதிக்காமல் சட்டத்தரணியிடம் போங்கள், இந்தத் தாள்கள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுங்கள்.

வர்த்தமானி வந்த பிறகு அதன் பிரதியை பி.எச்.ஐ, கிராம அலுவலர், கால்நடை வைத்திய அலுவலகம் மூன்று இடத்துக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிக்கு அப்படி ஒரு விதி இருப்பது தெரிந்திருக்காது. பழைய வாய்மொழி உத்தரவு அவர் வாயாலேயே மறுபடி வந்துவிடும்.